உள்ளங்கையில் ஒரு ஜன்னல்

சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குக் கம்ப்யூட்டர்காரர் என்று பேர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் "வாங்க கம்ப்யூட்டர்காரரே" என்று யாராவது ஒரு நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். கம்ப்யூட்டர் என்ற சொல்லே பாதிப் பேருக்கு வாயில் நுழையாத காலத்தில், அதைத் திறந்து அதற்கு மூளை பொருத்திய மனிதர் என்பதால் அந்த மரியாதை. அதில் ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. அவர் தன் வாழ்நாளில் ஒரு கம்ப்யூட்டருக்கும் மூளை பொருத்தியதில்லை. இன்னொருவர் பொருத்தும்போது கீழே கை கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கீழே கை கொடுப்பது என்றால் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் அவர் பட்ட வெட்கம் உங்களுக்குப் புரியாது. அந்தக் காலத்து ப்ராசஸர் என்பது சாம்பல் நிறத்தில் ஒரு சதுரப் பீங்கான் வில்லை. உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும். அதன் அடியில் நூற்றுக்கும் மேலே ஊசிக்கால்கள், ஓரம் சுற்றி மூன்று மூன்று வரிசையாக, நடுவில் மட்டும் வெறுமையாக. மதர்போர்டில் அத்தனை கால்களுக்கும் துளை வைத்த சாக்கெட் இருக்கும். பின்னாளில் பக்கத்தில் ஒரு கம்பி வைத்துவிட்டார்கள். கம்பியைத் தூக்கி, வில்லையை வைத்து, கம்பியை இறக்கினால் முடிந்தது. அப்போது அதெல்லாம் கிடையாது. எழுந்து நின்று, உள்ளங்கையின் அடிமேட்டை வில்லையின் மேல் வைத்து, உடம்பின் பாரத்தை இறக்கி அழுத்த வேண்டும். அழுத்தும்போது போர்டு வளையும். கொஞ்சம் கூடுதலாக வளைந்தால் உள்ளே முடி மாதிரி ஓடும் செம்புக் கோடு அறுந்து, போர்டு குப்பைக்குப் போகும். அதனால் அடியிலிருந்து எதையாவது வைத்துத் தாங்க வேண்டும்.

மற்ற இடங்களில் ஸ்பாஞ்சு வைத்தார்கள். இவர் ஹெல்ப்பராகச் சேர்ந்த கம்பெனியில் இருந்த இன்ஜினியருக்கு ஸ்பாஞ்சில் நம்பிக்கை இல்லை. "ஸ்பாஞ்சு பேசாது, கை பேசும்" என்பார். மேசை ஓரத்தில் இரண்டு மரக்கட்டைகள், அவற்றின் மேல், சாக்கெட் பாகம் விளிம்புக்கு வெளியே நீட்டியபடி போர்டு, நடுவில் இருக்கும் இடைவெளியில் ஹெல்ப்பரின் வலது கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி. மேலிருந்து அழுத்த அழுத்த, சாக்கெட்டின் ஈய முனைகள் கையில் ஏறும். கால்கள் எல்லாம் முழுசாக இறங்கிய நொடியில் அந்தக் குத்தல் சட்டென்று ஒரே சீராகும். அப்போது கீழே இருப்பவர் "போதும்" என்று சொல்ல வேண்டும். அந்தப் "போதும்" சொல்வதில் நம்மவர் ஒருநாளும் தப்பியதில்லை. சம்பளம் என்னவோ அட்டைப்பெட்டி பிரிப்பதற்கும், பிரஷ் வைத்துத் தூசி தட்டுவதற்கும், டீ வாங்கி வருவதற்கும்தான். ஆனால் ப்ராசஸர் ஏறுகிற நேரத்தில் இன்ஜினியர் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். "கை" என்பார். இவர் ஓடுவார்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அந்த வில்லையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் துளைக்குள் இறங்கிவிடும். ஆனால் சரியான பக்கம் ஒன்றுதான். மாற்றி வைத்துக் கரண்ட் கொடுத்தால் வில்லை வெந்துவிடும். வில்லையின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும். அது போர்டின் எந்த மூலைக்கு வர வேண்டும் என்பது, அந்தக் கம்பெனிக்கு வந்த போர்டுகளில், மேலே பார்த்தால் தெரியாது. அடியில் பார்த்தால் தெரியும். எல்லா ஈயப் பொட்டும் வட்டமாக இருக்கும், அந்த மூலையில் ஒன்று மட்டும் சதுரமாக இருக்கும். "சதுரம் எங்கப்பா?" என்பார் இன்ஜினியர். இவர் கையைக் கொடுத்தபடியே குனிந்து எட்டிப் பார்த்து, "கட்டைவிரல் மூலை சார்" என்பார். பேச்சு அதோடு சரி. அதற்கப்புறம் மேலே என்ன நடந்தது என்பதை அவர் பார்த்ததே இல்லை. குனிந்து நிற்கிறவருக்கு மேசையின் அடிப்பக்கம்தான் தெரியும்.

பொய் அவர் வாயில் பிறக்கவில்லை. அவர் பக்கம் பேசுவதற்கு இந்த ஒன்றுதான் இருக்கிறது, அதனால் அழுத்தியே சொல்கிறேன். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சமயம். அவர் வேலை விட்டு வந்து உட்கார்ந்ததும் மடியில் ஏறி வலது கையை விரித்துப் பார்ப்பாள். உள்ளங்கையில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள், சதுரமாக, நடுவில் மட்டும் ஒன்றும் இல்லாமல். "அப்பா கையில ஜன்னல்" என்பாள். ஒவ்வொரு புள்ளியாக விரலால் அமுக்கிக்கொண்டே வருவாள்.

"வலிக்குதாப்பா?"

"சேச்சே. வலிக்கவே இல்ல."

"எப்படிப்பா வந்துச்சு?"

"கம்ப்யூட்டருக்கு மூளை வெக்கிற வேலைம்மா. அதுல வர்றது."

போதாதா? மறுநாள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீச்சர் ஒருநாள் வாசலில் இவரை நிறுத்தி, "நீங்கதான் கம்ப்யூட்டருக்கு மூளை வெக்கிறவரா?" என்று கேட்டார். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் முதல் பொய். அடுத்து ஒரு மைத்துனன் கேட்டான்; அவனுக்குச் சிரிப்போடு நாலு வார்த்தையும் சேர்ந்து கிடைத்தது. சில்லை, அதாவது அந்த வில்லையை, தொடுவதற்கு முன் ஜன்னல் கம்பியைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் இருக்கிற கரண்ட் அதைக் கொன்றுவிடும் என்று இன்ஜினியர் செய்ததை எல்லாம் தான் செய்ததாகச் சொன்னார். அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? கூட்டம் சேர்ந்தால் போதும், அள்ளிவிட்டார்.

அவர் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன வீட்டுச் சாவியைக் கொடுக்கக் கம்பெனிக்கே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் கம்பீரமாக நின்று அழுத்திக்கொண்டிருந்தார். அவள் புருஷன் மேசைக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், முகத்தைச் சுளித்தபடி. அவள் சாவியை வாசலில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் நாலு பேர் நடுவில் அவர் கதையை ஆரம்பித்தால், "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விடுவாள். பால் இருக்காது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கதையை நிறுத்தியதில்லை.

கம்பி வைத்த சாக்கெட் வந்ததும் "கை" என்று கூப்பிடுவது நின்றுபோனது. சுண்டுவிரலால் செய்கிற வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு? அவரை டெலிவரிக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் மானிட்டர்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கினார். அப்புறம் விட்டுவிட்டு, ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டார். கடை நன்றாகவே ஓடியது. முழங்கால் ஒத்துழைக்கிற வரை அதை நடத்தி, மகளைப் படிக்க வைத்து, கட்டியும் கொடுத்தார். அந்தக் கடையைப் பற்றி ஒருநாளும் அவர் பெருமையாகப் பேசியதில்லை என்பதுதான் வேடிக்கை. அது முழுக்க முழுக்க அவர் கையால் செய்தது.

மாப்பிள்ளைக்குப் பழைய கம்ப்யூட்டர் என்றால் பைத்தியம். அலுவலக வேலை போக மிச்ச நேரமெல்லாம் எங்கெங்கோ தேடி, பரண் குப்பையிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி வந்து உயிர் கொடுத்துக்கொண்டிருப்பார். மகள் முதன்முதலில் அவரிடம் பேசியதே அப்பாவைப் பற்றித்தானாம். "எங்கப்பா அந்தக் காலத்துலயே ப்ராசஸர் போட்டவரு" என்று சொன்னதும் அந்தப் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறமும், "மாமா, அந்த போர்டுல என்ன பண்ணுவீங்க, இந்தச் சில்லு எப்படி ஏறும்?" என்று பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார். "அதெல்லாம் பெரிய கதை மாப்பிள்ளை, சாவகாசமா சொல்றேன்" என்று நழுவுவதே இவருக்கு வேலையாகிவிட்டது.

ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் மகள் வீட்டில் கூடியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்தார். உள்ளே போய் ஒரு போர்டைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒரு சின்ன டப்பா. திறந்தால், கறுப்பு ஸ்பாஞ்சில் பதிந்து சாம்பல் நிற வில்லை.

"த்ரீ-எய்ட்டி-சிக்ஸ், மாமா. நீங்க போட்ட அதே வகை. இத தேடி நான் அலையாத இடம் இல்ல. கால் ஒண்ணுகூட வளையாம கிடைச்சிருக்கு. நீங்கதான் பொருத்தித் தரணும்."

கம்ப்யூட்டர்காரர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "எதுக்கு மாப்பிள்ளை, கண்ணெல்லாம் முன்ன மாதிரி இல்ல" என்றார். மகள் எழுந்து போய் அவர் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கையும் கொஞ்சம் நடுங்குது." சம்பந்திக்கு, அதாவது மாப்பிள்ளையின் அப்பாவுக்கு, இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. அவர் நிலம் அளக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டார். "இத்தனை வருஷமா காதால கேட்டுட்டோம் சம்பந்தி. இன்னிக்குக் கண்ணால பாத்துடறோமே" என்று நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மகள் செல்போனை எடுத்து வீடியோவுக்குத் தயாரானாள். மனைவி மட்டும் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

வேறு வழி இல்லை. எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நேரே ஜன்னலுக்குப் போய்க் கம்பியைத் தொட்டார். மாப்பிள்ளை சம்பந்தியின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாப்பா, எர்த் பண்றாரு" என்றார், கோயிலில் பேசுகிற மாதிரி மெதுவாக. அந்த ஒரு வார்த்தையில் நம்மவருக்குப் பழைய தெம்பு ஏறிவிட்டது. அதுதான் அவரிடம் இருந்த கெட்ட பழக்கம். யாராவது வாயைப் பிளந்து பார்த்தால் போதும், தனக்குத் தெரியாதது எது என்பதே அவருக்கு மறந்துவிடும்.

"கட்டை ரெண்டு வேணும் மாப்பிள்ளை" என்றார். மேசைக்கால் ஆடாமல் இருக்க வைத்திருந்த இரண்டு மரத்துண்டுகள் வந்தன. மேசை ஓரத்தில் அவற்றை வைத்து, சாக்கெட் பாகம் வெளியே நீட்டும்படி போர்டை மேலே ஏற்றினார். "கீழ கை வெக்கணும். ஸ்பாஞ்சு பேசாது, கை பேசும்." மாப்பிள்ளை பரவசமாகிவிட்டார். இதை எந்த வீடியோவிலும் யாரும் சொன்னதில்லையாம். அவரே குனிந்து, வலது கையை உள்ளங்கை மேலாக இடைவெளியில் நுழைத்தார்.

"ஒரே சந்தேகம் மாமா. எந்த மூலைன்னு புரியல. பேட்டரி ஒழுகி இங்க எழுத்தெல்லாம் அரிச்சுப் போச்சு."

"கீழ பாருங்க. எல்லாம் வட்டமா இருக்கும். ஒண்ணு மட்டும் சதுரமா இருக்கும்."

மாப்பிள்ளை இன்னொரு கையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கழுத்தை வளைத்துப் பார்த்தார். "ஆமா மாமா. இருக்கு. இது எனக்குத் தெரியவே தெரியாது."

"எந்தப் பக்கம்?"

"என் கட்டைவிரல் பக்கம். கட்டைவிரல் மூலை."

இத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை கீழிருந்து வந்ததைக் கேட்டதும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இவர் நிற்கிற இடத்திலிருந்துதான் இன்ஜினியர் அதைக் கேட்டிருப்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக மேசைக்கு மேலே நிற்கிறார். என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. கட்டைவிரல் மூலை. சாக்கெட்டின் மேல் தன் வலது கையைக் கவிழ்த்துப் பார்த்தார். கட்டைவிரல் எந்த மூலைக்கு வந்ததோ, அந்த மூலைக்குப் புள்ளியைத் திருப்பி வில்லையை வைத்தார். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மாமா செய்கிறார், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

அழுத்தினார். நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. குதிகாலைத் தூக்கிப் பாரத்தை இறக்கினார். கிர்ரென்று ஒரு சத்தத்தோடு வில்லை இறங்கியது. "போதும்" என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் கீழே இல்லை. மாப்பிள்ளைக்கு அது தெரியாது. இவரே நிறுத்திக்கொண்டார். மகள் கை தட்டினாள். சம்பந்தி, "அடேயப்பா" என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது.

மாப்பிள்ளை வயர்களை மாட்டி சுவிட்சைப் போட்டார். மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. "கொஞ்சம் நேரம் எடுக்குமோ" என்றாள் மகள். அப்போது வாசனை வந்தது. தீய்ந்த வாசனை. முதலில் சம்பந்தி மூக்கை உறிஞ்சினார். மாப்பிள்ளை பாய்ந்து சுவிட்சை அணைத்தார். வில்லையைத் தொட்டவர் விரலைப் பட்டென்று இழுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் வலது கையை ஒரு தரம் மல்லாத்தினார், ஒரு தரம் கவிழ்த்தார். மல்லாத்தினால் கட்டைவிரல் வலது பக்கம். கவிழ்த்தால் இடது பக்கம். கம்ப்யூட்டர்காரர் அதைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கும் புரிந்தது. இன்ஜினியர் இத்தனை வருஷமும் மேலே நின்றுகொண்டு மனசுக்குள்ளேயே அதைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கீழிருந்து வந்த பதிலை மேலுக்கு மாற்றிக்கொள்வது அவர் வேலை. ஒரு தடவையாவது மேலே நின்றவனுக்கு அது தெரிந்திருக்கும். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவருக்கு.

மாப்பிள்ளை சட்டென்று கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"என் தப்பு மாமா. கீழ பாத்து நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"உனக்கு எதுலதான் நிதானம் இருக்கு?" என்று சம்பந்தி மகன் மேல் பாய்ந்தார். "அனுபவப்பட்டவர் கேக்கறாரு, ஒழுங்கா பாத்துச் சொல்ல வேணாமா? நாலு மூலையில ஒரு மூலை எதுன்னு சொல்லத் தெரியல. நீயெல்லாம் என்ன படிச்சே?"

"விடுங்கப்பா. தப்புதான்."

இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தான் பெற்ற பிள்ளை மாதிரி இருக்கிறவர் தனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்குத் தன் மேல் வந்த அருவருப்பு, சில்லு எரிந்ததற்காக வந்ததல்ல. மாப்பிள்ளை "என் தப்பு" என்று சொன்னபோது உள்ளுக்குள் ஒரு நொடி நிம்மதியாக இருந்ததே, அதற்காக வந்தது.

"விரல் சுட்டுடுச்சா? காட்டுங்க" என்றாள் மகள். மாப்பிள்ளை, "ஒண்ணுமில்ல, விடு" என்றார். அவள் விடுகிற ஜாதி இல்லை. பைக்குள்ளிருந்து கையை இழுத்து விரித்துப் பார்த்தாள்.

உள்ளங்கையில் சிவப்புப் புள்ளிகள். மூன்று மூன்று வரிசையாக, சதுரமாக. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தாள். அவர் கை மேசை மேல் மல்லாந்து கிடந்தது. அதில் பீங்கான் வில்லையின் ஓரம் பதிந்த ஒரு கோடு மட்டும் இருந்தது. புள்ளி ஒன்றுகூட இல்லை. மேலே அழுத்தினவர் கையில் புள்ளி வராது. சின்னக் குழந்தைக்குத் தெரியாத கணக்கு. இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையை மூடிக்கொள்ள நினைத்தார், விரல்கள் மடங்கவில்லை. அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் தொலைத்திருக்கலாம். பார்க்காமல் விட்டதுதான் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளை மீட்டர் வைத்துப் பார்த்து, "போர்டுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அவரிடம் இன்னொரு வில்லை இருந்தது. வேறொரு உடைந்த போர்டிலிருந்து எடுத்தது, வேகம் கொஞ்சம் கம்மி. எரிந்ததை நெம்பி எடுத்துவிட்டு இதைக் கையில் எடுத்தார். "மறுபடி பாப்போம், மாமா" என்று அவரிடமே நீட்டினார். கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. இன்னொரு தடவையும் இவர் முகத்தைக் காப்பாற்றத் தயாராக இருந்தார்.

கம்ப்யூட்டர்காரர் எழுந்தார். வில்லையை வாங்கவில்லை.

"நீங்க மேல அழுத்துங்க மாப்பிள்ளை. நான் கீழ கை வெக்கிறேன். எனக்கு அதுதான் தெரியும்."

சம்பந்தி வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியாடா? இதுக்குப் பேருதான் தன்னடக்கம். பையன் கத்துக்கட்டும்னு விட்டுக்குடுக்கறாரு."

உண்மையைச் சொன்னாலும் ஏறவில்லை. இத்தனை வருஷம் ஊதி ஊதிப் பெருக்கிய பேர், அவரே ஊசி வைத்துக் குத்தினாலும் உடையவில்லை. இரண்டாம் தடவை சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, கட்டைகளுக்கு நடுவே கையை நுழைத்தார். மேசையின் அடிப்பக்கம் தெரிந்தது: ஒட்டு விட்ட மரச் சீவல், ஒரு பழைய சூயிங்கம், ஒரு திருகாணி. அடியில் இருந்தபடியே, "கட்டைவிரல் மூலை" என்றார். "எனக்கு. உங்களுக்கு எதிர்ப்பக்கம்."

"தெரியும் மாமா" என்றார் மாப்பிள்ளை, அப்பாவுக்குக் கேட்காத குரலில்.

பாரம் இறங்கியது. ஈய முனைகள் தோலில் ஏறின. அந்தக் கை எல்லாவற்றையும் மறந்துபோயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். இல்லை. ஒரு பக்கம் முன்னால் இறங்குவது தெரிந்தது. "வலது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றார். இறங்கியது. குத்தல் சட்டென்று ஒரே சீரானது.

"போதும்."

சுவிட்சைப் போட்டதும் ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சென்றது. கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஓட ஆரம்பித்தன. மாப்பிள்ளை குழந்தை மாதிரி சிரித்தார். சம்பந்தி மகனின் முதுகில் தட்டினார். கம்ப்யூட்டர்காரர் மேசை விளிம்பைப் பிடித்து எழுந்து, நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். மகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் வலது கையை எடுத்து விரித்தாள். ஜன்னல் இருந்தது. வயசான தோலில் புள்ளிகள் முன்னைவிட ஆழமாக, கருஞ்சிவப்பாக.

ஒரு புள்ளியை விரலால் மெல்ல அமுக்கினாள். "வலிக்குதாப்பா?"

"வலிக்குதும்மா" என்றார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்பவும் வலிச்சுது."

அவள் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடி, அவர் மடியில் வைத்தாள்.

சம்பந்திக்கு உற்சாகம் அடங்கவில்லை. திரையைப் பார்த்தபடியே நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார். "சம்பந்தி, அந்த முதல் கம்ப்யூட்டருக்கு நீங்க மூளை வெச்சீங்களே, அந்தக் கதையை இன்னொரு தரம் சொல்லுங்க. இப்ப கேட்டாதான் எனக்கு நல்லா விளங்கும்."

அவர் வாயைத் திறப்பதற்குள் மகள் நகர்ந்தாள்.

"இருங்க, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அடுப்பு தெரிந்தது. அது அணைந்திருந்தது, மேலே ஒரு பாத்திரமும் இல்லை. அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஏற்கெனவே கழுவி வைத்த டம்ளர்களை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்கள். "தொண்டை சரியில்ல சம்பந்தி" என்றார் அவர்.